பின்வரிசையில் இன்னும் இடம் இருக்கிறது

அக்டோபர் 28, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. தீபாவளி முறுக்கு நமுத்துப் போய்விட்டது. செ. அதையும் விடவில்லை. (செ. என்றால் செல்வம். வீட்டுக்காரர் என்று எழுதினால் அவருக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.)

சாயங்காலம் சுங்கைப்பட்டாணியிலிருந்து ஏழு பேர் உட்காரும் வண்டி வந்து சேர்ந்தது. பழைய கார் விற்கும் லிம், செ.யோடு படித்தவர், தோட்டத்தில் வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கலா. புடிச்சா பேசுவோம்."

ஓட்டுவதும் குறை கண்டுபிடிப்பதும் என் வேலை. இரண்டாவதற்குப் பயிற்சியே தேவையில்லை என்கிறார் செ. அவர் ஓட்டமாட்டார். இரவு வேலை பார்த்துப் பார்த்து, ஸ்டீரிங்கைத் தொட்டாலே தூக்கம்.

இதுவரை பார்த்தது:
படி உயரம். மாமாவைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும்.
மூன்றாவது வரிசையில் இரண்டு பேர். நடு சீட்டை மடக்கினால்தான் போக முடியும். போனவர் தானாக வெளியே வர முடியாது, வெளியிலிருந்து ஒருவர் மடக்கிவிட வேண்டும். பெரியவள் உள்ளே மாட்டிக்கொண்டு கத்தினாள். சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
பின்வரிசையை நிமிர்த்தி வைத்தால் சாமானுக்கு ஓர் அரிசி மூட்டை இடம். சக்கர நாற்காலி நுழையாது.

மாமா, செ.யின் அப்பா. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவருக்காகத்தான் பெரிய வண்டி. வெளியே அப்படித்தான் சொல்கிறோம். எனக்கும் ஆசை, அது வேறு விஷயம்.

அக்டோபர் 29, புதன்

வெயில். மாமாவை டயாலிசிஸில் விட்டுவிட்டு செமிலிங் வரை சும்மா ஓட்டினேன். என்ன சுகம்! இவ்வளவு பெரிய உடம்பு, வளைவில் கொஞ்சமும் சாயவில்லை. செம்பனை லாரியை முந்தினேன். பாட்டுப் போட்டுக் கூடவே கத்தினேன். பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியம்மா இப்படிக் கத்துவாள் என்று யார் நம்புவார்கள்?

ஆறு மணிக்குப் போன். பெரியம்மா போய்விட்டார். மாமாவின் அக்கா. கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம். பால்வெட்டும் கித்தா மரம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்து, எல்லோரும் லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்த பிறகும் கடைசி வீட்டில் தனியாக இருந்தவர். கல்யாணம் காட்சி இல்லை. மாமா தீபாவளிக்குத் தீபாவளி "எங்ககூட வந்துரு" என்று கூப்பிடுவார். போன வாரமும் கூப்பிட்டார். "ஒம் மருமக வீட்டுல எனக்கென்னடா வேல" என்று சிரித்தது அந்தம்மா.

மாமா அழவில்லை. வெள்ளைச் சட்டையைத் தேய்க்கச் சொன்னார்.

அக்டோபர் 30, வியாழன்

மழை. விடுப்பு எடுத்தேன். பின்வரிசையை நிமிர்த்தி, பெரியம்மா லயத்தில் பிறந்து வளர்ந்த எதிர்வீட்டுப் பார்வதி அக்காவையும் அவர் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டோம். செம்மண் சடக்குப் பாதையில் வண்டி குலுங்கவே இல்லை. எழவுக்குப் போகும்போது இதைக் கவனித்தேன். என்னை என்ன செய்வது.

மாமா அக்கா தலைமாட்டில் உட்கார்ந்தார். குனிந்து காதில் ஏதோ சொன்னார். நீண்ட நேரம்.

எடுத்து, ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்ப மாலையாகிவிட்டது. மறுபடி மழை கட்டியது. வண்டியைக் கிளப்பி, பார்வதி அக்காவைக் காணோமே என்று வீட்டைப் பார்த்துக் கத்தினேன்: "வாங்க வாங்க, ஏறுங்க! பின்னால எடம் இருக்குலா!"

வாசலில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மண்ணில் துப்பினாள்.

எழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, யாரையும் வா என்று கூப்பிடக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாய்!

பார்வதி அக்காவும் தங்கச்சியும் ராத்தங்குவதாக முன்பே செ.யிடம் சொல்லியிருக்கிறார்கள். செ. என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எல்லோரும் வெளிக்குழாயில் குளித்துவிட்டு உள்ளே போனோம். வண்டிக்குள் மட்டும் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

பள்ளி இல்லை. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிறு வேலை நாள். பசியாற ரொட்டி வாங்கப் போனேன். தனியாக.

டிங், டிங், டிங். முகப்பில் சிவப்பு விளக்கு. மூன்றாவது வரிசை, இடப்பக்கம், பெல்ட் போடவில்லை.

நிறுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. காலி சீட்டு. கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. மழைக்காலம், எல்லாமே சில்லென்றுதான் இருக்கும்.

சத்தம் நின்றால் போதுமென்று காலி சீட்டுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டேன். நின்றது.

செ.: "வயர் கோளாறு. லிம்கிட்ட சொல்லி வெலயக் கொறை."

நவம்பர் 1, சனி

டயாலிசிஸ். மாமா நடு வரிசையில். பாதி வழியில், "அந்தக் குளிர்காத்தக் கூட்டி வைம்மா. பின்னால வரலயாம்."

"யாருக்கு மாமா?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டி வைத்தேன். (பின்வரிசைக்குத் தனிக் காற்றுக்குழாய் உண்டு, ஆனால் பலவீனம். குறை எண் நான்கு.)

கொஞ்ச தூரத்தில் மறுபடி: "மெதுவாப் போ. அவ காடியில போயி பழக்கமில்ல. தல சுத்தும்."

நாற்பதில் போனேன். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான்.

இன்று பாதியிலேயே மாமாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. தாதி ஓடிவந்து கட்டிலைச் சாய்த்தாள். இதுவரை அப்படி ஆனதில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

வெயிலும் மழையும் சேர்ந்து. பள்ளியிலிருந்து வந்ததும் பார்வதி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் வரவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்றார்.

"நீ கூப்பிட்டியாமேடி. கூப்பிட்டா வரும். வந்தா தனியாத் திரும்பாது. யாராச்சும் ஒருத்தரக் கூட்டிக்கிட்டுத்தான் போகும். ஒங்க வீட்டுல படுத்துக் கெடக்குறது யாரு, யோசி."

யோசித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாமா. பொம்பளைக்கு எதற்கு என்று செ.யின் அம்மா கேட்டபோது, "அவ ஓட்டட்டும், நான் பக்கத்துல ஒக்காந்து வேடிக்க பாக்குறேன்" என்றார். அவர் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்காகப் பேச யாரும் இல்லை.

நவம்பர் 3, திங்கள்

அரை நாள் விடுப்பு. மாமாவை டயாலிசிஸில் விட்டேன். நேரே கோலா கெத்தில். தனியாக என்று எழுத வந்தேன். தெரியவில்லை.

கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. லாரியை முந்தவில்லை. பாட்டு இல்லை.

லயத்தில் ஈ காக்கை இல்லை. கடைசி வீட்டுத் திண்டில் விளக்கு எரிந்த கரி. பின்கதவைத் திறந்தேன். பெல்ட்டைக் கழற்றினேன். நடு சீட்டை மடக்கி, வழிவிட்டு நின்றேன். அந்தம்மா தானாக இறங்கியிருக்கவே முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் யாரும் மடக்கிவிடவில்லை.

"எறங்குங்க பெரியம்மா. ஒங்க வீடு வந்துருச்சு."

காற்றே இல்லை. வண்டி மட்டும் லேசாக உயர்ந்தது. யாராவது இறங்கினால் உயருமே, அவ்வளவு.

போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் டிங் சத்தம் இல்லை. மாமாவை ஏற்றும்போது சிரிப்புக்கூட வந்தது எனக்கு.

மாமா பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை.

"எங்க அவ?"

பெல்ட்டை இழுத்து அவருக்கு மாட்டினேன்.

"கொண்டுபோயி விட்டுட்டியா?" மாமா அழுதார். அக்கா செத்தபோது அழாதவர், அங்கேயே, டயாலிசிஸ் வாசலில், எல்லோர் முன்னாலும். "நீ கூப்பிட்டு வரலம்மா அவ. நான் கூப்பிட்டேன். காதுல சொன்னேன், இப்பயாவது எங்கூட வந்து இருன்னு. அம்பது வருசமாக் கூப்பிடுறேன். இந்த ஒரு தடவதான் வந்தா."

நவம்பர் 4, செவ்வாய்

வானம் மூட்டம். லிம்மிடம் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள்.

காலையில் மாமாவிடம் நேராகவே கேட்டேன். "ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்களா மாமா?"

"போறதா இருந்தா நானே என்னைக்கோ போயிருப்பேன். அவ அங்க தனியா இருக்கா. அவ்வளவுதான்."

பார்வதி அக்கா சொன்னதும் மாமா சொன்னதும் மாறி மாறிக் காதில். யாரை நம்புவது? எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை நம்பினேன்.

செ. தூங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பள்ளியில். நான் மறுபடி விடுப்பு. மாமாவைத் தூக்கி ஏற்றினேன். நேரே லயத்துக்கு ஓட்டினேன்.

கடைசி வீட்டின் முன் மாமா, "என்னையும் பின்னால ஒக்கார வை" என்றார். நடு சீட்டை மடக்கி, இடுப்பைப் பிடித்து, ஒரு வழியாக வலப்பக்கம் உட்கார வைத்தேன். பிறகு வீட்டைப் பார்த்து நின்றேன். எழவு வீடு. தெரிந்தே.

"வாங்க பெரியம்மா. ஏறுங்க. எடம் இருக்கு."

ஒன்றும் நடக்கவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தேன். கொசு கடித்தது. மாமா கண்ணை மூடியிருந்தார். வெட்கமாகக்கூட இருந்தது.

சீட்டை நிமிர்த்திக் கதவைச் சாத்திவிட்டுக் கிளப்பினேன்.

டிங், டிங், டிங்.

இறங்கிப் போய்ப் பெல்ட்டை மாட்டிவிட்டேன். "இறுக்கமா இருக்கா?" என்று வேறு கேட்டேன்.

கோலா கெத்தில் தாண்டியதும் ஒரு பெரிய வளைவு. கண்ணாடியில் பார்த்தேன். மாமா தூங்கிவிட்டார். தலை சன்னல் பக்கம் இல்லை. உள்பக்கம் சாய்ந்திருந்தது, ஒரு தோள் உயரத்தில், வெறும் காற்றில். வேகத்தைக் குறைக்கவில்லை. தலை கீழே விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லிம்முக்குப் போன் செய்தேன். வண்டி வேண்டும். செ. எழுந்து வந்து, இத்தனை குறை சொல்லிவிட்டு எதற்கு எடுக்கிறாய் என்றார்.

வளைவில் ஆடவே இல்லை என்றேன்.