கன்னி மூலையைக் காலி பண்றேன், அத்தான்

என் அன்பான அத்தானுக்கு,

நீங்க இருக்குற இடத்துல சத்தம் எப்படி? நலமான்னு கேக்க முடியாது, நலம்னு நீங்க பதில் போடவும் முடியாது. அதனால இதைக் கேக்குறேன். அங்கன ஹாரன் சத்தம் இல்லாட்டி உங்களுக்குப் பொழுதே போகாதே, என்ன பண்றீகளோ.

போன மாசம் உங்க தலைத்திவசம் நல்லபடியா முடிஞ்சது. நம்ம செந்தில் கோயம்புத்தூர்லருந்து பொண்டாட்டி பிள்ளைகளோட வந்து எள்ளும் தண்ணியும் விட்டான். உங்க தம்பி முருகேசன்தான் கூடவே நின்னு எல்லாத்தையும் பார்த்தாக. எல்லாரும் ஊருக்குக் கிளம்புன கையோட நான் ஒரு முடிவு எடுத்துட்டேன். வேற யாரும் சொல்லி உங்க காதுக்கு வர்றதுக்கு முன்னால நானே சொல்லிடுறேன்.

நீங்க கட்டுன வீட்டை விக்கப் போறேன்.

கோவிச்சுக்கிறதுன்னா கோவிச்சுக்குங்க. உயிரோட இருக்கும்போதே உங்க கோவம் சோத்துத் தட்டு வர்ற வரைக்கும்தான். இந்தக் கடுதாசியை நாலு பேரு படிக்கிற மாதிரி எழுதுறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. ரிட்டயர் ஆன காசைக் கையில வச்சுக்கிட்டு, கடைசிக் காலத்துக்கு வீடு தேடுற புருசன் பொண்டாட்டி யாராச்சும் இருந்தா அவுகளும் கேட்டுக்கட்டும்.

முப்பது வருசம் கம்பத்துக்கும் மதுரைக்கும் அரசு பஸ் ஓட்டுனீக. நான் சத்துணவு அமைப்பாளரா சாம்பார் வாளிக்கும் முட்டைக்கும் நடுவுல காலத்தை ஓட்டுனேன். அம்புட்டு வருசமும் கம்பம் டெப்போவுக்குப் பின்னால வாடகை வீடுதான். ரெண்டு பேரும் வேலையை விட்டு வந்ததும், சின்னமனூர் தாண்டி ரோட்டு மேல ஒரு மனையைக் காட்டுனீக. "வாசல்லயே பஸ்ஸு தனம், வயசான காலத்துல நடக்க வேண்டாம்"னீக. நாம அதைப் பார்க்கப் போனது ஒரு வளர்பிறை ஞாயித்துக்கிழமை, நல்ல நேரம் பார்த்து. ரோட்டுல ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பைபாஸ் ரோடு வேலை பாதியில நின்னு கிடந்துச்சு. அது திறந்தா ஊருக்குள்ள வண்டி குறையும்னு சின்னமனூரே சந்தோசப்பட்டுச்சு. அந்த பைபாஸ் வந்து பழைய ரோட்டோட சேருற இடம் நம்ம வாசல்தான்னு நாம யோசிக்கவே இல்லை.

அடுத்து மேஸ்திரி வந்தாக. மேற்குப் பார்த்த மனை, ரோடும் மேற்கே. நூலைப் பிடிச்சுக்கிட்டு, "குடும்பத் தலைவரு படுக்குறது கன்னி மூலை, தென்மேற்கு. அடுப்பு அக்னி மூலை, தென்கிழக்கு. இதுல மாத்தமே கிடையாது"ன்னாக. நாமளும் பூம்பூம் மாடு கணக்காத் தலையை ஆட்டுனோம். அதனால என்ன ஆச்சு? நம்ம கட்டில் ரோட்டை ஒட்டி, அடுப்படி ரோட்டுக்கு எட்டாத மூலையில. அந்த வீட்டுலயே அமைதியான இடத்துல புளிக்குழம்பு நிம்மதியாக் கிடக்கு, நான் முழிச்சுக்கிட்டுக் கிடக்கேன். சாமி எங்கன, கக்கூஸ் எங்கன, தண்ணித் தொட்டி எங்கன்னு ஆயிரம் கேட்டோம். தூங்குற காது எங்கன இருக்கும்னு ஒரு வார்த்தை கேக்கலையே அத்தான்.

பைபாஸ் திறந்த பிறகு வாசலுக்கு நேரா வேகத்தடையும் வந்துருச்சு. முப்பது வருசம் கியர் மாத்துன மனுசன் நீங்க. ரெண்டு ரோடு சேருற இடத்துல லாரிக்காரன் எங்கன மிதிப்பான், எங்கன ஹாரன் அடிப்பான்னு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் அந்த மனையைப் பிடிச்சீகளோன்னு இப்பவும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

விடியுறதுக்கு முன்னால, மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போற பொம்பளைகளை அள்ளிக்கிட்டு ஜீப்பு வரிசையாப் போகும். அது ஓய்ஞ்சா வாழைத்தார் லாரி, திராட்சை வண்டி. காலி டிப்பர் ஒண்ணு வேகத்தடையில ஏறி இறங்குனா நம்ம அலமாரித் தட்டெல்லாம் ஆடும். கார்த்திகை பிறந்தா சாமிமாருக வண்டி, தை வரைக்கும் ராப்பகலா. சாமியை நான் குத்தம் சொல்லலை. ஆனா சரணம் போட்டுக்கிட்டுப் போற நூறு வண்டிக்கும் நடுவுல எனக்குக் கண்ணு மூடுமா?

உங்களுக்கு மூடுச்சு. குறட்டை வேற. "டெப்போவுக்குப் பின்னால இருந்தவதானே நீ, இதுக்கு என்ன அலட்டிக்கிற?"ன்னு சிரிப்பீக. டெப்போவுக்குள்ள வர்ற வண்டி வேலை முடிஞ்சு அடங்குற வண்டி. இது அடங்காமப் போற வண்டி. சொன்னா உங்களுக்குப் புரியலை. நான் பாயைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போனேன். அதுக்கு ஊரெல்லாம், தனம் புருசனோட கோவிச்சுக்கிட்டு அடுப்படியில படுக்குறாளாம்னு பேச்சு.

செய்யாத வைத்தியம் இல்லை. காம்பவுண்டுச் சுவரை ஏத்திக் கட்டுனோம், டயர் சத்தம் கொஞ்சம் குறைஞ்சது, ஹாரன் சுவரைத் தாண்டி வந்துச்சு. புங்கை வரிசையா வச்சோம், நிழல் நல்லா வந்துச்சு. செந்தில் ரெட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுக் கொடுத்தான். அதை மூடினா சத்தம் பாதிதான், ஆனா சித்திரையில கரண்டு போனா உள்ள இட்லி வேகும். திறந்து வச்சாப் பழைய கதை.

அப்புறம் ஒரு நாள் நெஞ்சு வலின்னு தேனி ஆஸ்பத்திரிக்குப் போனீக. நடந்துதான் உள்ள போனீக. திரும்பி வரலை.

உங்க காரியம் முடிஞ்ச அன்னிக்கே முருகேசன் சொன்னாக, "மதினி, வருசம் திரும்புற வரைக்கும் அண்ணன் படுத்த கன்னி மூலையைக் காலியா விடாதீக. அங்கன விளக்கேத்தி நீங்கதான் படுக்கணும்." வேற யாரு சொல்லியிருந்தாலும் போய்யான்னு சொல்லியிருப்பேன். உங்களுக்காகன்னு சொன்னதால வாயை மூடிக்கிட்டேன். ஒரு வருசம், அத்தான். தலைமாட்டுல லாரி, கால்மாட்டுல உங்க விளக்கு. பிரசர் ஏறிப்போச்சு. ரேசன் கடை வரிசையில நிக்கையில ஒருநா கீழ விழுந்துட்டேன். டாக்டரம்மா மாத்திரை எழுதுறதுக்கு முன்னால பேனாவைக் கீழ வச்சுட்டு, "நல்லாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?"ன்னு கேட்டாக. நான் வருசக் கணக்குல சொன்னேன். "மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போகலாம். ஆனா இப்படியே போனா அடுத்து நீங்க விழுகுற இடம் ரேசன் கடையா இருக்காது"ன்னாக.

செந்தில் கூப்பிட்டான். "எங்களோட வந்துருங்கம்மா, பத்தாவது மாடி, ஒரு சத்தமும் கேக்காது." முருகேசனை விளக்கேத்தி அங்கன படுக்கச் சொல்லிட்டுப் போய்ப் பத்து நாள் இருந்து பார்த்தேன். நெசமாவே ஒரு சத்தமும் கேக்கலை, அதுலயும் எனக்குத் தூக்கம் வரலை. எதிர் வீட்டுக்காரவுக பேரு என்னன்னு கேட்டா அவனுக்கும் தெரியலை. பிள்ளை நல்ல பிள்ளை, மருமகளும் தங்கம். ஆனா எனக்கு இன்னும் கை கால் நல்லாத்தான இருக்கு? என் அடுப்பை நானே பத்த வைக்கிற வரைக்கும் என் வீடு எனக்கு வேணும். அவன்கிட்டச் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

திவசம் முடிஞ்சதும் வீடு தேட ஆரம்பிச்சேன். புரோக்கர்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன். "மூலை பார்க்க மாட்டேன், நல்ல நேரம் பார்க்க மாட்டேன். படுத்துத்தான் பார்ப்பேன்." கட்டைப் பையில ஒரு தலையணை, ஒரு போர்வை. எந்த வீட்டுக்குப் போனாலும் தலையணையைப் போட்டு மத்தியானம் ஒரு தூக்கம் போடணும். அந்தாளு என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரு. பார்த்துட்டுப் போகட்டும், ரோட்டோரத்துல படுத்துக் கிடந்தவ நானா அவரா?

முதல்ல சுருளிப்பட்டியில ஒரு வீடு. பின்னால திராட்சைப் பந்தல், காத்து சும்மா அள்ளுது. புரோக்கர், "ஊசி விழுந்தாக் கேக்கும்மா"ன்னாரு. நான் அவரை விட்டுட்டுத் தெருக்குழாயில தண்ணி பிடிச்ச பொண்ணுகிட்டப் போய், "ஏத்தா, இங்கன வண்டி எப்படி?"ன்னேன். "ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வந்து பாருங்கத்தா. அருவிக்குப் போற சனம் பூராவும் எங்க வாசல் வழிதான்"னா. வருசத்துல நாலு நாள்தானே, அதைப் பொறுத்துக்கலாம்னு படுத்தேன். பத்தே நிமிசத்துல பந்தலுக்கு மருந்தடிக்கிற மிஷின் கிளம்புச்சு. வீட்டோட சுவரே அந்தப் பந்தல் வேலி. தலையணையைச் சுருட்டுனேன்.

ரெண்டாவது, காமயகவுண்டன்பட்டியில. கம்பத்துல இறங்கி டவுன் பஸ் பிடிக்கணும், பஸ் நிக்கிற இடத்துலருந்து நாலு தெரு நடக்கணும். சின்ன வீடு, ரெண்டு ரூம். சத்தம் இல்லாம இல்லை. மாடு கத்துது, ஒருத்தி பிள்ளையை வையுறா, பள்ளிக்கூடத்து மணி கேக்குது. எல்லாம் வந்துட்டு நிக்கிற சத்தம். நான் கேட்டது அம்புட்டுத்தான். வெறும் தரையில தலையணையைப் போட்டு, முந்தானையை மூஞ்சியில போட்டுப் படுத்தேன்.

அப்புறம் நடந்தது எனக்கே தெரியாது, அந்த வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரியும். ரெண்டு தடவை கூப்பிட்டாகளாம். காப்பி கொண்டுவந்து வச்சு ஆறிப்போச்சாம். புரோக்கர் பயந்து, "அய்யய்யோ, அந்தம்மாவுக்கு பிரசர் வேற இருக்குது"ன்னு சொல்லவும் செம்புத் தண்ணியை என் மூஞ்சியில அடிச்சிருக்காக. திடுக்குன்னு எந்திரிச்சா சுத்தி எட்டுப் பேரு. ஒரு கிழவர் குனிஞ்சு, "உசுரு இருக்கு"ங்குறாரு. வெயில் தாழ்ந்து போயிருந்துச்சு. ஈரத் தலையோட உக்காந்து, "இந்த வீட்டை எனக்குக் கொடுத்துருங்க"ன்னு சொன்னேன்.

விசயம் கேள்விப்பட்டு மறுநாளே முருகேசன் வந்துட்டாக. வந்து உங்க கட்டில் மேல உக்காந்தாக. "மதினி, அண்ணன் ஆசையாக் கட்டுன வீடு. வித்தா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு பகல்ல சொல்லும் தம்பி. ராத்திரி ஊரு தூங்கிரும். நான்தான் முழிச்சிருக்கேன்."

"சத்தம்தானே பிரச்சினை? பழையபடி அடுப்படியில படுத்துக்கங்க. வருசந்தான் முடிஞ்சிருச்சே, நான் ஒண்ணும் சொல்லலை. அண்ணன் இங்கனதான் இருக்காக மதினி. இதை விட்டுட்டுப் போகாதீக."

அண்ணன் இங்கனதான் இருக்காகன்னு சொன்னதும் எனக்குப் பொறுக்கலை. உங்ககிட்டக்கூடச் சொல்லாததை உங்க தம்பிகிட்டச் சொல்லிட்டேன்.

"திவசம் முடிஞ்ச அன்னிக்கே அடுப்படிக்குத்தான் போனேன் தம்பி. அங்கனயும் தூங்க முடியலை. உங்க அண்ணன் கடைசி ட்ரிப் முடிச்சு டெப்போ கேட்டுல பிரேக் போடுவாக, புஸ்ஸுன்னு ஒரு காத்துச் சத்தம் வரும். அதைக் கேட்டுத்தான் நான் தோசைக்கல்லை அடுப்புல வைப்பேன். செந்தில் பிறக்குறதுக்கு முன்னாலருந்து இந்தப் பழக்கம். இப்ப வாசல் வேகத்தடையில வர்ற ஒவ்வொரு பஸ்ஸும் அதே மாதிரிதான் பிரேக் போடுது. அவுக இருந்த வரைக்கும் பக்கத்து ரூம்லருந்து குறட்டை கேக்கும், திரும்பிப் படுத்துக்குவேன். இப்பக் கண்ணு சொக்குற நேரத்துல எந்திரிச்சுப் போய் அடுப்பைப் பத்த வைக்கிறேன். கல்லு காய்ஞ்ச பிறகுதான் அவுக இல்லைன்னு ஞாபகம் வருது. ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவைதான் நான் தாலியறுக்க?"

அப்ப வெளிய ஒரு பஸ் வேகத்தடையில புஸ்ஸுன்னு நின்னு போச்சு. முருகேசன் என் மூஞ்சியைப் பார்த்தாக, பார்த்துட்டுத் துண்டால கண்ணைத் துடைச்சாக. "என்னைக்குச் சாமான் ஏத்தணும்னு சொல்லுங்க மதினி. வண்டி நான் கொண்டு வாறேன்"னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக.

வர்ற வளர்பிறையில கிளம்புறேன். நாள் நான் பார்க்கலை, அவுகதான் பார்த்தாக. நம்ம வீட்டை வாங்குறவுக முன்னால டீக்கடை போடப் போறாகளாம். பஸ்ஸை நிறுத்தி டிரைவருமாரு டீ குடிப்பாக, உங்களுக்குச் சந்தோசம்தானே? புது வீட்டுலயும் மேஸ்திரி ஒருத்தர் வந்து, கன்னி மூலையில படுங்கம்மான்னு ஆரம்பிச்சாரு. அங்கன அரிசி மூட்டையை வச்சுட்டேன். எனக்குக் கண்ணு மூடுற மூலை எதுவோ அதுதான் என் மூலை. பஸ்ஸுக்கு நாலு தெரு நடக்கணும். நடக்குறேன்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். உங்க காரியம் முடிஞ்ச நாளையிலருந்து பார்க்குறவுக எல்லாரும், "கனவுல வந்தாகளா, எதுவும் சொன்னாகளா?"ன்னு கேக்குறாக. செந்தில் கனவுல வந்தீகளாம். முருகேசன் கனவுல ரெண்டு தடவை வந்தீகளாம். என் கனவுல ஒரு தடவைகூட வரலை. என் மேல என்ன கோவமோன்னு இந்த ஒரு வருசமா நினைச்சு நினைச்சு அழுதிருக்கேன். இப்பத்தான் எனக்குப் புரியுது, தூங்குறவளுக்குத்தானே அத்தான் கனவு வரும்.

இனிமே எந்த பிரேக் சத்தத்துக்கும் எந்திரிக்க மாட்டேன். யாருக்காகவும் கல்லைக் காய வைக்க மாட்டேன். விளக்கணைச்சுட்டு விடியுற வரைக்கும் நல்லாத் தூங்குவேன், இது உங்க பேருல சத்தியம். நீங்க வாங்க.

உங்க மாமன் மக,
தனம்