மிதித்தால்தான் முளைக்கும்

அன்புள்ள அப்பாவுக்கு, சின்னவள் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

இங்கே கோல்ஃப் மைதானத்தில், பந்து விழும் குழியைச் சுற்றிப் புல் கருகிவிட்டது. மண்ணைக் கிளறி விதை தூவினோம். நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓரமாகவே சுற்றி வந்தேன். மேஸ்திரி சிரித்துவிட்டார்.

"என்னம்மா, கோயிலா இது? ஏறி மிதி. மண்ணு அமுங்குனாதான் விதை வேர் பிடிக்கும்."

புது மண்ணைப் பார்த்ததும் அம்மா ஞாபகம், அப்பா. அடக்கத்துக்குத்தான் என்னால் வர முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். பத்தாம் நாள் பச்சை கட்டிவிட்டது.

அம்மாவைப் புதைத்த இடத்தில் மண் இறங்கியிருந்தால், புது மண் போட்டுக் கொஞ்சம் புல் நட்டு நீங்களே மிதித்துவிடுங்கள். கூசாதீர்கள், அம்மாவுக்கு வலிக்காது. என் பங்குக்கும் இரண்டு மிதி மிதியுங்கள்.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன்.