பனி தள்ளுபவனின் வாரப் பணம்

கோஸ்கி, மிச்சிகன்
பிப்ரவரி, பனி விடாத ஒரு செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கைசாவுக்கு உன் சித்தப்பா அர்வோ எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி ஐலாவும் நாய்கள் இரண்டும் சுகம், நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மட்டும் கொஞ்சம் இருமுகிறது. அங்கே சியாட்டிலில் நீயும் உன் நர்ஸ் படிப்பும் சுகமாக இருக்க வேண்டும். இரண்டில் படிப்பின் சுகத்துக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், காகிதத்தில் அது முடியாது பார்.

போன வாரம் நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. வேலை போனவர்களுக்கு அரசு கொடுக்கும் பணம் எங்களுக்கு வாரம் முந்நூறு டாலராவது வந்தால்தான் அங்கே இருப்பேன், குறைந்தால் செலவுக்கு உங்கள் கையை எதிர்பார்க்காமல், கடைசி வருஷமானாலும் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஏதாவது கடையில் நிற்பேன் என்றாய். நான் அறுநூறு வரும் என்று சொன்னதற்கு, "நீங்க சொல்றதுல பாதியத்தான் நான் எப்பவும் எடுத்துக்குவேன் சித்தப்பா, அப்படிப் பாத்தா முந்நூறு, விளிம்புல நிக்குது" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உன் அப்பா, என் அண்ணன், உன்னை என் கையில் விட்டுப் போனது நீ கடையில் நின்று பால் டப்பா அடுக்குவதற்கு இல்லை.

பிளைவுட் ஆலையை மூடிய அன்று நடந்ததை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார், நீ இல்லாமல் இந்த இயந்திரம் இனி எந்த ஊரிலும் ஓடாது என்றார். அது குளிர் காற்றில் வந்த கண்ணீர் என்கிறாள் உன் சித்தி, அவள் அங்கே இல்லை. மறுநாளே கூட்டுறவுக் கடையில் காப்பி மேஜையைச் சுற்றி ஆலை ஆட்கள் அத்தனை பேரும் என்னைத்தான் மொய்த்தார்கள், யாருக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் என்று யார் சொல்ல முடியும்? வாரச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல் நல்ல உழைப்பாளிக்குக் கொஞ்சம் கூடுதல், இதுதான் என் கணக்கு. எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் சித்தி அரசு வெளியிட்ட விவரத்தைப் படித்துவிட்டு, அப்படி இல்லை, மூன்று மூன்று மாதமாகப் பிரித்து, எந்த மூன்று மாதத்தில் சம்பளம் அதிகமோ அதில் நூற்றுக்கு நாலு டாலர் சொச்சம்தான் வாரத்துக்கு என்றாள். சரி, இலையுதிர் காலத்தில் நான் ராத்திரி பகலாக ஓவர்டைம் பார்த்தேனே, அதை வைத்துப் போட்டால் முந்நூற்று அறுபது வந்தது. நான் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வருவதற்குள் அவள் இன்னொன்றையும் கண்டுபிடித்துவிட்டாள். ஜனவரியில் விண்ணப்பித்தால் கடைசியாக முடிந்த மூன்று மாதம் கணக்கில் சேராதாம். என் ஓவர்டைம் முழுக்க அந்த மூன்று மாதத்தில்தான் இருக்கிறது. மான் வேட்டைக்குக்கூடப் போகாமல் உழைத்தது அத்தனையும் வெளியே நிற்கிறது மகளே. அன்று இரண்டு தடவை கொதிகலனைப் போய்ப் பார்த்தேன், அதில் ஒன்றும் பழுதில்லை.

இதுகூடப் பரவாயில்லை. அரசு அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன், சித்தி எழுதி உனக்குத் தெரிவதற்கு முன்னால். மேஜையில் மார்லீன் என்று ஒரு பெண், மரியாதையான பெண். வேலை போன பிறகு வேறு எதிலாவது வருமானம் உண்டா சார் என்று கேட்டாள். எனக்குப் பின்னால் ரெய்னோ நின்றுகொண்டிருந்தான். ஆலையில் இருபது வருஷம் என்னைச் சோம்பேறி என்று சொன்னவன். அவன் காதில் விழட்டும் என்று, "வருமானமா? இந்த ஊர்ல வாசல்ல விழுற பனியத் தள்றதே நான்தாம்மா. அறுபது வீடு, வீட்டுக்கு இருபது டாலர்" என்றேன். ரெய்னோ வாயை மூடிக்கொண்டான், அது நடந்தது. ஆனால் அந்தப் பெண் மூடவில்லை, அப்படியே தட்டச்சு செய்தாள். அப்படியானால் உங்கள் பணத்தை விசாரித்துத்தான் தர முடியும் சார், வருமானம் அவ்வளவு இருந்தால் ஒன்றும் வராமலும் போகலாம் என்றாள்.

நான் தள்ளுவது நம் தெருவில் நாலு வீடு. அதற்கு இங்கே யார் காசு கொடுக்கிறார்கள்? கொடுத்தால் நான் வாங்குவேனா, அது சண்டைக்கு இழுப்பது போல் அல்லவா? காலையில் படியில் புகை போட்ட மீன் ஒன்று இருக்கும், இல்லையென்றால் ஏலக்காய் ரொட்டி, வைத்தது யார் என்று கேட்கவும் மாட்டோம். உனக்குத் தெரியாததா. இதை மார்லீனிடம் போய்ச் சொன்னால், அன்றைக்கு அறுபது வீடு, இன்றைக்கு நாலு வீடா சார், நீங்கள் பனி தள்ளும் வீட்டுக்காரர்களில் யாராவது வந்து சொல்லட்டும் என்றாள். அவள்மேல் தப்பில்லை. வீட்டுக்கு வந்து சித்தியைத் தவிர யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். உட்காரவும் முடியவில்லை, பனி இல்லாத வாசலைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு லெம்பி அம்மாள் ஜன்னலில் பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, சித்தியிடம் விஷயத்தை வாங்கிக்கொண்டு, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் என் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அலுவலகம் நிறைய ஆலை ஆட்கள், ரெய்னோவும் இருந்தான். லெம்பி அம்மாள் கைத்தடியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இவனா காசு வாங்குறான்? பனி தள்றேன்னு வந்து என் தபால் பெட்டிய மூணு தடவை சாச்சிருக்கான். நியாயமாப் பாத்தா நான்தாம்மா இவன்கிட்ட வசூல் பண்ணணும். ஒரு மீன் குடுத்தா பல்லைக் காட்டிக்கிட்டு வாங்கிட்டுப் போவான், அவ்வளவுதான் இவன் வியாபாரம்." அறையே சிரித்தது. ரெய்னோ எழுந்து, என் அம்மா வீட்டு வாசலையும் இவன்தான் தள்ளுகிறான், ஒரு காசு கேட்டதில்லை என்றான். அது அவன் வாயில் வந்தது எனக்கே ஆச்சரியம். மார்லீன் இரண்டு பேர் சொன்னதையும் பதிந்துகொண்டு, போனில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். தபால் பெட்டி இரண்டு தடவைதான் சாய்ந்தது, அதை மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்று முறை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன், கம்பி அறுந்திருக்கிறதா என்று. சித்தி என் பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறாள். நீ அங்கே மழையில் தொப்பி போடாமல் திரியாதே, ஈர சாக்ஸோடு வார்டில் நிற்காதே, உன் கொதிகலனையும் பார்த்துக்கொள்.

மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன். போன் வந்தது, பணத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, தொகையையும் மார்லீனே சொன்னாள். பக்கத்தில் சித்தி நின்று கேட்டாள், அவளும் இந்தக் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போடுகிறாள். உனக்கும் உன் படிப்புக்கும் எங்கள் ஆசீர்வாதம், அடுத்த கிறிஸ்துமஸுக்கு நர்ஸாக வா, அதற்கு முன்னால் பெட்டி கட்டாதே. வாரம் முந்நூற்று ஒன்பது டாலர். மகளே, இதைப் பாதியாக்காதே. நான் சொன்ன கணக்குகளிலேயே இது ஒன்றைத்தான் கூட்டாமல் உள்ள அளவிலேயே எழுதியிருக்கிறேன்.

உன் சித்தப்பா
அர்வோ

சாட்சி: ஐலா. முந்நூற்று ஒன்பதுதான், நானும் கேட்டேன். தபால் பெட்டி மூன்று தடவை.