ஒரு ஆளுக்குப் போட்ட ரூம்

அவிநாசியப்பர் துணை

திருப்பூர்
ஆவணி கடைசி வெள்ளி

அன்பு மகள் தேஜஸ்ரீக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், தையல் யூனிட் ஓடுகிறது, மழை இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. மெல்போர்ன் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அனுப்பினால் படிப்பதில்லை. கடைசியாக நீ அனுப்பியது "எப்படிம்மா உனக்கு மனசு வந்துச்சு" என்று ஒரு வரி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் நீ டிக்கெட் போட்டு அப்பாவை அங்கே வரவழைக்கிறாய் என்றதும், அவர் கொண்டுவரும் பெட்டியிலேயே, பருப்புப்பொடிக்கும் நீ கேட்ட காட்டன் நைட்டிக்கும் நடுவில் இதை வைக்கிறேன். பெட்டி கட்டுவது நான்தானே, அவருக்குத் தெரியாது. அவர் உன்னிடம் எவ்வளவு சொன்னாரோ, பாதியை விழுங்கியிருப்பார். நான் விழுங்காமல் எழுதுகிறேன், படித்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறதோ தோன்றட்டும்.

ஆடி மாதம் அந்த ஜெர்மனி ஆர்டர் வந்தது உனக்குத் தெரியும், குழந்தைகள் பனியன், நாம் தைத்து மட்டும் கொடுக்கிற வேலை. ஆர்டர் வந்த வேகத்தில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் இசக்கிமுத்து மஞ்சள்காமாலை என்று சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டான். வேறு ஆளை வைக்கச் சொன்னேன், அப்பா கேட்கவில்லை, தானே நின்றார். பகலிலும் அவர்தான், ராத்திரியிலும் அவர்தான். விடிந்து வந்து படுத்தால் தூக்கம் வராது, எழுந்து உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். ஒரு நாள் ஷேவிங் கிரீமில் பல் துலக்கினார். சாப்பிட உட்கார்ந்தால் கை ரசத்தில் இருக்கும், கண் மூடியிருக்கும். நம் கேட் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு கேட்டில் கொண்டுபோய் வண்டியை இடித்துவிட்டு, "கேட்டை யாரு மாத்துனது" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது. ஷிப்மென்ட் போன அன்று வீடியோவில் அவர் முகத்தைப் பார்த்து நீ அழுதாய், அடுத்த நாளே வால்பாறையில் எஸ்டேட்டுக்குள் ஒரு தங்கும் விடுதியில் ரெண்டு நாளைக்கு ரூம் போட்டு அனுப்பினாய். அப்பா மட்டும் தனியாகப் போய் நிம்மதியாகத் தூங்கிவிட்டு வரட்டும் என்று எழுதியிருந்தாய்.

அதைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ரூமை ஒரு ஆளுக்குத்தான் போட்டிருந்தாய். நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரியும். ஆனால் அவர் விடிய விடிய யூனிட்டில் நின்றபோது நான் மட்டும் என்ன கால் நீட்டிப் படுத்திருந்தேனா கண்ணு. நைட் ஷிப்ட் ஆட்களுக்கு டீயும் பன்னும் இந்த ஊட்டிலிருந்துதான் போனது, பீஸ் ரேட் கூலிக் கணக்கு நான்தான் போட்டேன், அவர் வண்டியில் எங்கே போய் விழுந்தாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். என் கண்ணும் சிவந்துதான் கிடந்தது. வீடியோவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான், அதனால் என் முகம் உனக்குத் தெரியவில்லை. அவர் அந்த மெசேஜை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு "நீயும் வர்றயா" என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. "ராசா மாதிரி போய்த் தூங்குங்க, நாங்க எதுக்குங்க குறுக்கால" என்றேன். சரி என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை பல்லடம் வழியாகப் போகிற பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். ஏறியதும் தூக்கம். பொள்ளாச்சியில் கண்டக்டர் உலுக்கி இறக்கிவிட்டிருக்கிறார். அரைக்கண்ணோடு பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் சாய்ந்துவிட்டார், போர்டில் பாலக்காடு என்று இருந்ததை யார் பார்த்தது. டிக்கெட் வாங்கும்போது கூட "கடைசி ஸ்டாப்" என்றாராம். எழுப்பியபோது மலையாளத்தில் எழுப்பியிருக்கிறார்கள். காலடியில் கழற்றி விட்ட செருப்பைக் காணோம். பதறிப்போய் இறங்கி வந்த வழிக்கு பஸ் எது என்று விசாரித்து ஏறிய பிறகுதான், மேலே வைத்த பை அந்த பஸ்ஸோடு போய்விட்டது என்று நினைவு வந்திருக்கிறது. மாற்றுத்துணி, பிரஷர் மாத்திரை, செல்போன் எல்லாம் அதில். சட்டைப் பையில் இருந்த பர்ஸ் மட்டும் மிச்சம். அதோடு திரும்பியிருக்கலாம். திரும்பினால் நான் சிரிப்பேன் என்று திரும்பவில்லையாம், அதை அவர் வாயாலேயே சொன்னார். வெறுங்காலோடு வால்பாறை பஸ் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் தலை ஜன்னல் கம்பியில் முட்ட முட்டத் தூங்கி, பக்கத்து சீட்டுக் குழந்தை அவர் மடியில் வாந்தி எடுத்தது கூடத் தெரியாமல், பொழுது சாயும் நேரத்தில் கொட்டுகிற மழையில் போய் இறங்கியிருக்கிறார். விடுதி பேர் போனில்தான் இருக்கிறது. எஸ்டேட்டுக்குள் ஏதோ ஒரு பங்களா என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. சிறுத்தை நடமாடுது, இந்த நேரத்துக்கு உள்ளே வரமாட்டோம் என்று ஆட்டோக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு கல்யாண மண்டபம். எஸ்டேட் சனங்கள் வீட்டுக் கல்யாணம், அன்று வரவேற்பு. வாசலில் நின்றவரை வாங்க வாங்க என்று பன்னீர் தெளித்து உள்ளே விட்டிருக்கிறார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும் நினைத்திருப்பார்கள். பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். அப்பாவும் நான் யாரும் இல்லீங்க என்று சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார், காலையிலிருந்து பட்டினி. அதோடு கை கழுவிவிட்டு வெளியே வந்திருந்தால் ஒன்றும் இல்லை. சாப்பாடு உள்ளே போனதும் கண் சொருகிவிட்டது. மாடியில் ஒரு ரூம் திறந்து கிடந்தது, பாய் விரித்திருந்தது, யாருடைய பையையோ தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். அது பெண்ணுக்குப் போடுகிற நகை இருந்த பை. கொஞ்ச நேரத்தில் பையைத் தேடி வந்தவர்கள், செருப்பில்லாத கால், வாந்திக் கறைபட்ட வேட்டி, மழிக்காத தாடி, இப்படி ஒருத்தர் அதன் மேல் தலை வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள். பையைப் பிரித்தால் ஒரு சங்கிலி குறைகிறது. காலரைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். "நான் திருப்பூருங்க, பனியன் கம்பெனி வெச்சிருக்கறனுங்க, தூக்கம் தாங்காம படுத்துட்டனுங்க" என்று சொல்லியிருக்கிறார். முதலாளி பார்டா என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்போதுதான் உன் ஊட்டு நம்பரைச் சொல்லு என்று ஒருத்தன் போனை எடுத்திருக்கிறான். அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான், என்னுடையது.

நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தால் ஒரு முரட்டுக் குரல், "ஏம்மா, கிட்டுசாமின்னு ஒரு ஆளு, திருப்பூர்ல கம்பெனி வச்சிருக்கேங்குறாரு, உங்க வீட்டுக்காரரா" என்று கேட்டது. பின்னால் பாட்டு, சிரிப்பு, அதற்குள்ளே அவர் குரல். "இந்து, நாந்தான், இவங்ககிட்டச் சொல்லு கண்ணு" என்றார். கண்ணு என்று என்னைக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்க, ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏமாற்றுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன் என்று உன் மாமாவிடம் சொன்னேன், பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். நீ அதை நம்பாமல் குரல் கூடவா தெரியவில்லை என்று கேட்டாய். தெரிந்தது. அவர் ஏதோ சங்கடத்தில் இருக்கிறார் என்பதும் தெரிந்தது. அடிப்பார்கள் என்று தெரியாது, அதை மட்டும் நம்பு. டிக்கெட் எடுக்காமல் மாட்டியிருப்பார், எங்காவது படுத்துத் தூங்கி மாட்டியிருப்பார், ஒரு மணி நேரம் கிடக்கட்டும், அப்புறம் நானே கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். நான் இல்லாமல் போனீர்களே, இப்போது நான் வேண்டுமா என்று இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அந்த நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. மிச்ச வெங்காயத்தையும் உரித்தேன். நாடகம் முடிந்ததும் அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டேன், ஒருத்தரும் எடுக்கவில்லை. அப்புறம் படுக்காமல் அதே நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

என் பதிலுக்கு அப்புறம்தான் முதல் அடி விழுந்திருக்கிறது. ரெண்டாவது அடி இடது காதோடு சேர்த்து. அதற்குள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண் ஏறி வந்து, "விடுங்க, இது எங்க பழைய முதலாளி" என்று சொல்லியிருக்கிறாள். நதியா என்று பேர், நம் யூனிட்டில் செக்கிங்கில் இருந்தவள், நீ காலேஜில் படித்த சமயம். கல்யாணப் பெண்ணுக்கு அக்கா முறை. அவள் சொன்னதும் கைகளை எடுத்துவிட்டார்கள். சங்கிலி பெண்ணின் சித்தி கைப்பையிலேயே இருந்தது, அடித்தவர்களில் ஒருத்தன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், இன்னொருத்தன் தெரியாமல் நடந்துபோச்சு என்று காலைத் தொட்டான். அப்பா அதை எதையும் பார்க்கவில்லையாம். காதிலிருந்து ரத்தம் வழிய வழிய அதே பாயில் படுத்து, மறுநாள் தாலி கட்டி மேளம் அடித்தும் எழாமல் மதியம் வரை தூங்கியிருக்கிறார். நீ அவருக்குக் கொடுக்க நினைத்த தூக்கம் அவருக்கு அப்படித்தான் கிடைத்தது.

எழுந்ததும் நதியா காபி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு, "உங்களைத் தூக்கும்போதே பாத்துட்டேன் சார். ரெண்டு அடி விழட்டும்னுதான் நின்னேன்" என்றாளாம். உனக்கு இது தெரியாது, அப்பா சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பெண் ஒரு நைட் ஷிப்டில் செக்கிங் டேபிளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அப்பா குடத்துத் தண்ணீரை அப்படியே அவள் தலையில் ஊற்றி, அத்தனை பேர் முன்னால் ஈரத் துணியோடு கேட்டுக்கு வெளியே அனுப்பி, இனி வராதே என்றார். நான் அன்று அங்கே இருந்தேன், நானும் ஒன்றும் சொல்லவில்லை. வால்பாறையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று இவரைக் கேட்டேன். "மோர் ஊத்து" என்றார். அவள் தம்பிதான் ஒரு சட்டையும் ரப்பர் செருப்பும் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறான்.

ஞாயிறு ராத்திரி அவர் வாசலில் வந்து நின்றபோது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், ஆனால் கதவைத் திறந்ததும் அந்தப் பெரிய செருப்பைப் பார்த்து என் வாய் என்ன சொன்னது தெரியுமா, "என்னங்க, ரூம் வசதியா இருந்துச்சுங்களா". காதில் பஞ்சு வைத்திருந்ததை அதற்கு அப்புறம்தான் பார்த்தேன். அவர் கத்தவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இதுவரை உனக்கு எழுதியது அத்தனையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் சோறு போட்டேன், சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "அந்தப் புள்ளயாச்சும் ரெண்டு அடிக்கு அப்பறம் சொன்னா, இந்து" என்றார். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் வேண்டியதற்கு மட்டும் பேசுகிறார், தண்ணி எடுங்க, சாவி எங்கீங்க, அந்த மாதிரி. மரியாதையாகத்தான் பேசுகிறார், வாங்க போங்க என்று யூனிட்டுக்கு வருகிற ஏஜென்டிடம் பேசுவது போல.

காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். சவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் பண்ணினாலும் பழைய மாதிரி கேட்பது சந்தேகம், விமானத்தில் போகலாம், தண்ணீர் மட்டும் உள்ளே போகக்கூடாது என்றார். அங்கே குளிக்கும்போது பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்துக்கொள்ளச் சொல். பிரஷர் மாத்திரை பெட்டியில் இடது பக்கப் பையில் இருக்கிறது, காலையில் சாப்பிடுவதற்கு முன்னால் ஒன்று. விமானத்தில் தூங்கி இறங்க மறந்துவிட முடியாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல், ஆனால் சிங்கப்பூரில் மாறும்போது வேறு வரிசையில் போய் நின்றாலும் நிற்பார், அதனால் சக்கர நாற்காலி கேட்டு எழுதிவிடு, கூட ஒரு ஆள் வருவார். வந்ததும் ரெண்டு நாள் எழுப்பாதே. யூனிட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், இசக்கிமுத்து திரும்பி வந்துவிட்டான், நைட் ஷிப்டில் யாராவது கண் அசந்தால் ஒரு டீ கொடுத்து எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கவில்லை, அடி வாங்கியது நீ அல்ல. இவரிடம் கேட்டுப் பார்த்தேன். தூங்கும்போது கேட்டேன், முழித்திருக்கும்போது இன்னும் வாய் வரவில்லை. நீ நன்றாக இரு, குளிரில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, உனக்கு நல்ல இடம் அமைந்து நிறைவாக வாழ அந்த அவிநாசியப்பர் துணை இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மூன்று மாதம் என்று டிக்கெட்டில் இருக்கிறது, ஆனால் நிஜமாகவே திரும்பி வருவாரா என்று பக்குவமாகக் கேட்டு எனக்குச் சொல். நான் கேட்டால் காது கேட்காத பக்கத்தைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

இப்படிக்கு உன் அம்மா,
கி. இந்துமதி