மூன்றாவது பாட்டு

என் பேத்தி பவானேஸ்வரிக்கு, மலாக்கா சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாட்டி குஞ்சம்மா எழுதுவது. முட்டி வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நியூயார்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போ, தாயி.

உன் இசைத்தட்டு வந்து சேர்ந்தது. அட்டையில் நாலு ஆம்பளைகள் பின்னால் நிற்க, நீ ட்ரம்பட்டோடு முன்னால் நிற்கிறாய். பெரிய எழுத்தில் உன் பெயர். இது ஜாஸில் ஹார்ட் பாப் என்கிற வகையாம், உன் தம்பி சுரேன் சொன்னான். முதல் இரண்டு பாட்டிலும் ஐந்து பேரும் சண்டைக்கு நிற்கிறீர்கள். மூன்றாவதில் நீ ஊத ஆரம்பித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது உன் தாத்தாவை எடுத்த அன்றைக்கு நீ ஊதியது.

பதினொரு வருஷமாகிறது. சாவு பேண்டில் ட்ரம்பட் ஊதுகிறவர் வரவில்லை. பொம்பளைகள் வாசலோடு நிற்க வேண்டும். பதினாறு வயசுப் பெண் நீ, உன் ட்ரம்பட்டை எடுத்துக்கொண்டு சுடுகாடு வரைக்கும் ஊதிக்கொண்டே போனாய். துக்கத்துக்கு வந்த சுங்கை ரம்பாய் முத்தாயி அன்றைக்குப் பச்சைச் சேலை கட்டியிருந்தாள், இன்னும் கண்ணில் நிற்கிறது. பொட்டப்புள்ளைய சாவுக்கு ஊத விட்டிருக்காளே, இனி எவன்லா இவளைக் கட்டுவான் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். இன்றுவரை அவள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

அடுத்த வாரம் ட்ரம்பட் காணாமல் போனது. உன் அப்பா கணேஸ்வரன், நான்தான் வித்துட்டேன் என்றான். அன்றோடு நீ அவனிடம் பேச்சை நிறுத்தினாய்.

இப்போது அவன் லோரியில் உன் பாட்டுதான் ஓடுகிறது. மூன்றாவது வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுகிறானாம். நீ சாப்பிட்டாயா என்று சுரேனைத்தான் கேட்கிறான், உன்னைக் கேட்கப் பயம்.

அம்மாடி, விற்றது அவன் இல்லை. முத்தாயி பேச்சுக்குப் பயந்து, நான்தான் பஸ் ஏறிப் போய் மலாக்கா டவுனில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். நீ என்னை வெறுத்துவிடக் கூடாதென்று அவன் பழியை ஏற்றுக்கொண்டான். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஊரார் செய்ததையெல்லாம் தேதியோடு சொல்கிறவளுக்கு, தான் செய்ததைச் சொல்ல இவ்வளவு காலம்.

என் மேல் கோபப்படு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லோரி இல்லை, வீட்டில்தான் இருப்பான். கூப்பிட்டு அப்பா என்று ஒரு தரம் சொல். மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

மாரியம்மா உன் மூச்சைக் காப்பாற்றட்டும்.

உன் பாட்டி,
குஞ்சம்மா