எட்டுப் பேர் பாரத்தில் முடுக்கிய நட்டு

14 அக்டோபர் 2019, திங்கள்

ஆயுத பூஜைக்குக் கட்டிய மாவிலை இன்னும் ஷட்டரில் காய்ந்து தொங்குகிறது. காலையில் முதல் வண்டியாகப் புதுக்கட்டளை தங்கம்மாள் அக்காவின் ஜீப் வந்தது. மழைக்காலத்தில் வாய்க்கால் கரைச் சேற்றில் அடி தட்டுகிறதென்று போன வருஷம் கோயம்புத்தூரில் கொடுத்து ரெண்டரை இஞ்ச் தூக்கியிருக்கிறார். தூக்கியதிலிருந்து வளைவில் சாய்கிறது, முன்பக்கம் டக்டக்கென்று அடிக்கிறது.

"நாலு பட்டறையில காட்டிட்டேன் சுந்தரி. நாலு பேரும் அந்த ராடையே கழட்டி எறிங்கங்கறான்" என்றார்.

கழற்றி எறிவதற்கு மெக்கானிக் எதற்கு?

குழியில் இறங்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜீப்பை மட்டும் தூக்கியிருக்கிறான் மகராசன். வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் பாரை அச்சோடு இணைக்கும் லிங்க் ராடு ரெண்டும் பழைய நீளமே. பாரின் கை ரெண்டும் கீழே இழுபட்டு நிற்கின்றன. அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்கு மாட்டினால்கூட இப்படி இழுக்காது.

நாலு பட்டறைக்காரர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. இதை எழுதி வைத்துக்கொள்கிறேன், யாரும் பாராட்டப் போவதில்லை.

16 அக்டோபர்

நாகூர் தாவூது பாய் லேத்தில் புது லிங்க் ரெண்டு கடைந்து கொடுத்தார். ஏழு இஞ்ச் இருந்தது ஒன்பதரை. "தங்கச்சி, அளவு சரிதானா? அப்புறம் என்னைத் திட்டாதே" என்றார். மூன்று முறை அளந்தேன் பாய், சரிதான்.

19 அக்டோபர்

லிங்க் முனைகளில் அதிர்வு தாங்கும் ரப்பர் வளையம், புது புஷ், போட்டு மாட்டியாயிற்று. பாரின் கை ரெண்டும் இப்போது படுக்கை மட்டம். அக்கரைப்பேட்டைப் பாலத்து வளைவில் வேண்டுமென்றே வேகமாகத் திருப்பினேன். ஜீப் அசையவில்லை! இறங்கி நின்று நானே ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். வெட்கம்தான், இருந்தாலும் பார்த்தேன்.

வாட்டர் வாஷ், அடியில் ஆயில் ஸ்ப்ரே எல்லாம் அடித்து அனுப்பினோம். உப்புக் காற்றுக்கு நம் பட்டறையில் எந்த வண்டிக்கும் டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து அடிப்போம். போட் எஞ்சின் பார்த்த காலத்திலிருந்து அப்பாவின் வழக்கம். "உப்பு பட்ட எதுக்கும் எண்ணெய்தான் மருந்து" என்பார். கடற்கரையில் பிறந்த எவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

27 அக்டோபர்

தீபாவளி. பட்டறை லீவு. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

9 நவம்பர்

தங்கம்மாள் அக்கா போன். மதகு திருப்பத்தில் ஜீப் சடாரென்று சாய்ந்து ஒரு சக்கரம் கரையை விட்டுத் தொங்கியிருக்கிறது. உள்ளே ஐந்து பெண்கள். அவர்களில் அம்சம் அக்காவுக்கு முழங்கை பிசகிவிட்டது. வாய்க்காலில் ஆள் உயரத் தண்ணீர்.

"லிங்க் கழண்டு தொங்குது சுந்தரி. நான் ஒன்னும் சொல்லல. வேற எடத்துல காட்டிக்கிறேன்."

ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் குத்துகிறது. திட்டியிருக்கலாமே!

21-ஆம் தேதி நாகையில் கருத்துக் கேட்புக் கூட்டம். எரிவாயுக் குழாய் பதிக்கப் புதுக்கட்டளை வயலை எடுக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் கூலி கேட்டு அடிபட்டு, குத்தகைக்குக் கோர்ட் ஏறி, ரெண்டு தலைமுறை கழித்துப் பட்டா வாங்கிய நிலம். ரெண்டு கட்சிக் கொடியும் அந்த ஊரில் பறக்கிறது, ரெண்டு கட்சிக்காரனும் ஓட்டுக்கு வந்தபோது "பாத்துக்கலாம்"தான் சொன்னான். பத்து மணிக்குள் போய்ப் பெயர் கொடுத்தால்தான் பேச விடுவார்களாம். பாலம் வேலை நடப்பதால் ஊருக்கு பஸ் இல்லை. அந்த ஜீப் ஒன்றுதான்.

அதைத்தான் நான் சரிசெய்து அனுப்பினேன்.

10 நவம்பர், ஞாயிறு

ஆட்டோவும் நடையுமாகப் புதுக்கட்டளை போனேன். கூப்பிடாமல்தான் போனேன். ஜீப் களத்துமேட்டில் நின்றது.

லிங்க் உடையவில்லை. வளையவுமில்லை. ரப்பர் புஷ்தான்! ஊறின அப்பளம் மாதிரி உப்பி, கையால் பிய்த்தால் பிய்கிறது. உப்பின ரப்பர் கிழிந்து, வாஷர் அதற்குள் புகுந்து வெளியே வந்திருக்கிறது. இருபது நாள் ரப்பர் எப்படி இப்படி ஆகும்? மட்ட ரப்பர் என்று நினைத்தேன். கடைக்காரனைத் திட்டிக்கொண்டே மூக்கருகில் கொண்டுபோனேன்.

டீசல் வாசனை.

அடிப்பாவி. நீதான்டி. உன் கையாலதான்டி அடிச்சே.

வருஷாவருஷம் எத்தனை வண்டிக்குப் புஷ் மாற்றியிருப்போம். ஒவ்வொரு முறையும் "உப்பு தின்னுடுச்சு" என்று சொல்லித்தான் மாற்றினோம். உப்பு தின்னவேயில்லை — நாம்தான் ஊட்டியிருக்கிறோம்.

11 நவம்பர்

அப்பாவிடம் சொன்னேன். காயாரோகணம் மேஸ்திரிக்கு வந்ததே கோபம்!

"நாப்பது வருசமா அடிக்கிறேன். நேத்துப் பொறந்த ரப்பரு எனக்குப் பாடம் சொல்லுதா?"

"ஒங்க போட்டுல இரும்பு இருந்திச்சுப்பா. இது ரப்பரு."

"உப்புல விட்டுப்பாரு, தெரியும்."

விட்டுப் பார்க்கிறேன். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ரெண்டு புது புஷ். ஒன்று டீ கிளாஸில் கடல் தண்ணீரில், இன்னொன்று நம் ஸ்ப்ரே கலவையில். கிளாஸ் ரெண்டையும் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். அப்பா தாண்டித் தாண்டிப் போகிறார், பார்க்காத மாதிரி.

12 நவம்பர்

எண்ணெய்க் கிளாஸில் இருப்பது பெருத்துவிட்டது. இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும்.

13 நவம்பர்

கடல் தண்ணீரில் கிடந்தது அப்படியே இருக்கிறது. எண்ணெயில் கிடந்தது போல்ட்டில் நுழையவில்லை. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. அப்பா முன்னால் ரெண்டையும் வைத்தேன். எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் புதுக்கட்டளை. போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மட்ட ரப்பர் என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியாது. பேர் பிழைக்கும். பெண் மெக்கானிக் என்று சிரித்தவர்களெல்லாம் கண்முன் வந்து போனார்கள். ஆனால் அம்சம் அக்கா கையில் கட்டோடு வெளியே வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தப்பு என்னோடதுக்கா. லிங்க் சரி, அளவு சரி. எண்ணெய அடிச்சு ரப்பர நான்தான் கெடுத்தேன்."

அம்சம் அக்காதான், "தப்பு எம்மேலன்னு சொன்ன மெக்கானிக்க இப்பத்தான் பாக்குறேன்" என்றார். சிரிக்கிறாரா, குத்துகிறாரா?

தங்கம்மாள் அக்கா சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் மாட்டு. ஆனா அன்னிக்கு நீயும் எங்ககூட வண்டியில உக்காரணும். ஒன் வேலை மேல ஒனக்கு நம்பிக்கை இருந்தா வா."

"வர்றேன்" என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். அதையும் எழுதுகிறேன்.

17 நவம்பர், ஞாயிறு

கோவையிலிருந்து எண்ணெய்க்கு அசையாத யூரித்தேன் புஷ் வந்துவிட்டது. மஞ்சள் நிறம், கல் மாதிரி இருக்கிறது. தங்கம்மாள் அக்காவும் கூட்டத்துக்குப் போகிற பெண்களும் ஜீப்பை மெதுவாக உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள்.

இந்த முறை இன்னொன்றும் யோசித்தேன். போன தடவை காலி வண்டியில் நட்டை முடுக்கினேன். 21-ஆம் தேதி இந்த ஜீப்பில் போவது எட்டுப் பேர். அந்தப் பாரத்தில் எப்படி நிற்குமோ அப்படி நிற்கும்போதுதான் கடைசி முடுக்கு முடுக்க வேண்டும்.

"எல்லாரும் ஏறி உக்காருங்க" என்றேன்.

தங்கம்மாள் அக்கா ஸ்டியரிங்கில், மற்ற ஆறு பேர் முன்னும் பின்னும். எட்டாவது ஆள் நான். நான் குழிக்குள் இருக்கவேண்டுமே? அப்பாவைப் பார்த்தேன். "எடைக்கு எட போதும்பா, ஏறுங்க." முணுமுணுத்துக்கொண்டே பெண்களுக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்தார். "மேஸ்திரி, கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு" என்று அம்சம் அக்கா சொல்ல, மேலே ஒரே சிரிப்பு, வண்டி குலுங்கியது.

"ஆடாதீங்க!" என்று கீழேயிருந்து கத்தினேன்.

நாலு நட்டு. ஒவ்வொன்றும் முடுக்கி நின்ற இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டேன். அசைந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். ஆயில் ஸ்ப்ரே அடிக்கவில்லை. அப்பா கேட்கவுமில்லை.

21 நவம்பர், வியாழன்

முந்தின நாளே புதுக்கட்டளை போய்த் தங்கினேன். விடிந்ததும் அடைமழை. கரை முழுக்கக் களி. மதகு திருப்பம் வந்தபோது ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டோம். தங்கம்மாள் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "போங்கக்கா" என்றேன்.

திருப்பினார். ஜீப் லேசாகத் தோளைச் சாய்த்தது, பார் பிடித்தது, நிமிர்ந்தது. அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழை என்று துடைத்துக்கொண்டேன்.

ஒன்பது நாற்பதுக்கு நாகை. முதல் பெயர் புதுக்கட்டளை தங்கம்மாள். மைக்கைப் பிடித்து, "எங்க அம்மா நட்ட வயலு, இன்னிக்கு எம்பேருல இருக்கு. குழி வெட்ட விடமாட்டேன்" என்றார். அதிகாரி ஏதோ குறுக்கே சொல்ல, "எழுதிக்கங்க சார், எழுதினதப் படிச்சுக் காட்டுங்க" என்றார். எழுதினார். படித்தும் காட்டினார்.

நான் கடைசி வரிசையில் நின்றேன். என் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். வெளியே வந்து ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நாலு கோடும் போட்ட இடத்திலேயே இருந்தன.

இன்றைக்கு எனக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டும்.

30 நவம்பர்

தூக்கின ஜீப் மூன்று வந்திருக்கிறது. தங்கம்மாள் அக்கா அனுப்பினாராம். ஒன்று, "ராடைக் கழட்டி எறி" என்று சொன்ன பட்டறைக்காரருடையது!

12 ஜனவரி 2020, ஞாயிறு

பொங்கலுக்கு முன்னால் சர்வீஸ் முடிக்கவேண்டும் என்று தங்கம்மாள் அக்கா ஜீப்பைக் கொண்டுவந்தார். புதுநெல் அரிசி ஒரு பை, கூடவே சேதி. குழாய் புதுக்கட்டளை வழியே இல்லையாம், பாதையை மாற்ற ஆணை வந்துவிட்டதாம். சும்மா மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, "அம்சத்துக்குக் கை நேராயிடுச்சு, அறுப்புக்கு வந்துட்டா" என்றார்.

மத்தியானம் சாப்பிட்டு வந்தால் குழிக்குள்ளிருந்து கம்ப்ரசர் சத்தம். அப்பா, கையில் ஸ்ப்ரே துப்பாக்கி. மேலே நிற்பது சீர்காழியிலிருந்து வந்த வண்டி, எல்லாம் ரப்பர் புஷ். வயிறெரியக் கத்தப் போனேன். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு புஷ்ஷையும் பாலிதீன் பையில் சுற்றி, வலை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். வலைக்குப் போடுகிற அதே முடிச்சு. ஒன்றைக்கூட விடவில்லை.

"என்ன பாக்குறே? லைட்ட இந்தப் பக்கம் புடி" என்றார்.

பிடித்தேன்.