நூல் அசைந்தது

திருவனந்தபுரம்,
1 ஆகஸ்ட் 1997, வெள்ளி

பிரியமுள்ள ரத்னாவுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் பிரித்தாயோ அடுப்பில் போட்டாயோ தெரியாது. இதையாவது படி. இங்கே நடப்பதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் லேபில் இப்போது நுரையீரலையே கழுவிப் பார்க்கிறோம்! ஹரிகுமார் டாக்டர் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு, உப்புத் தண்ணீரைச் செலுத்தி, திரும்ப உறிஞ்சித் தருகிறார். அதை நான் சுழற்றி, சாயம் போட்டு, முன்னூறு செல்களை எண்ணுகிறேன். ஒரு வகை கூடினால் கிருமி, இன்னொன்று கூடினால் ஒவ்வாமை. வென்டிலேட்டரில் கிடக்கிற ஆளிடம் என்ன செய்கிறது என்று கேட்க முடியுமா? எக்ஸ்ரேயோ எல்லாருக்கும் ஒரே வெள்ளையைத்தான் காட்டும். நாங்கள் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறோம்.

புதன்கிழமை பொன்முடி எஸ்டேட்டிலிருந்து சரசம்மா என்று ஒருத்தி வந்தாள். முப்பத்திரண்டு வயது. மூச்சு இழுப்பு என்று கொண்டு வந்தார்கள், அன்று மாலையே மிஷினில் போட்டாயிற்று. அவள் புருஷன் திரவியம் வராந்தாவை விட்டு நகர மாட்டேன் என்கிறார். அவள் தண்ணீரில் நூற்றுக்கு நாற்பத்தொன்று ஈசினோபில்! ஒவ்வாமைக்குக் கூடுகிற செல், ஒன்றிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று தடவை எண்ணினேன். டாக்டர் துள்ளிவிட்டார். ஒவ்வாமை நிமோனியா, ஸ்டீராய்டு போட்டால் இரண்டு நாளில் எழுந்து உட்காருவாளாம். காசநோய் இல்லை என்ற முடிவுக்காகக் காத்திருக்கிறார். திங்கள் மாலை ஆறு மணிக்கு முதல் ஊசி.

ஸ்லைடு அவ்வளவு அழகாக வந்திருக்கிறது. ஓரத்தில் மட்டும் வளைந்த நூல் ஒன்று, ஒரு முனை மெலிந்து, உள்ளே நீளமாக ஒரு கோடு. பஞ்சிலிருந்து ஒட்டியிருக்கும். ஸ்லைடைத் துடைக்கக்கூடத் தெரியாதா என்று நீ வைதிருப்பாய். அதைக் கேட்கவும் ஆசையாகத்தான் இருக்கிறது.

உன்
ஜெயஷீலா

~

மார்த்தாண்டம்,
4 ஆகஸ்ட், திங்கள், பகல் 12 மணி

ஜெயஷீலாவுக்கு,

கடிதம் இப்போதுதான் வந்தது. உங்கள் லேபுக்கு நான்கு தடவை போன் போட்டேன், எங்கேஜ். அதனால் இதைத் திருவனந்தபுரம் வருகிற தம்பானூர் பஸ் கண்டக்டர் தங்கப்பன் அண்ணனிடம் கொடுத்து விடுகிறேன். உன் கையில்தான் கொடுப்பார்.

அது நூல் இல்லை. பஞ்சு நூலுக்குள் அப்படிக் கோடு இருக்காது. இரண்டு வருஷமாக இந்த பஸ் ஸ்டாண்ட் லேபில் நான் மலம்தான் பார்க்கிறேன். வெறுங்காலோடு தோட்டத்தில் நடக்கிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். மண்ணிலிருந்து காலில் ஏறுகிற புழுவின் குஞ்சு. குடலுக்குப் போக நுரையீரல்தான் அதற்கு வழி. உன் ஈசினோபில் புழுவுக்கும் கூடும். ஸ்டீராய்டு கொடுத்தால் புழு பெருகி உடம்பெல்லாம் பரவும், அவள் செத்துப்போவாள்.

மிச்சத் தண்ணீர் இருந்தால் சாயம் போடாமல் ஒரு சொட்டு வைத்துப் பார். ஃப்ரிட்ஜில் இருந்தால் முதலில் குளிர் போகட்டும்.

என் பேச்சை அங்கே யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரியும். இரண்டு பேருடைய ஸ்லைடில் லேபிள் மாறியதற்கு என்னைத்தானே வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒட்டியது யார் என்று உனக்கும் எனக்கும் தெரியும். ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டேன், நீ வாயைத் திறக்கவில்லை. அது கிடக்கட்டும். ஆறு மணிக்கு முன்னால் பார்.

ரத்னாபாய்

~

திருவனந்தபுரம்,
5 ஆகஸ்ட், செவ்வாய்

ரத்னா, என் ரத்னா,

அசைந்ததடி!

மூன்றே முக்காலுக்குத் தங்கப்பன் அண்ணன் காக்கிச் சட்டையோடு லேபுக்குள் வந்து நின்று, "ஜெயஷீலா ஆரு? இப்பமே வாசிக்கணும்னு சொல்லிச்சு" என்றார். நின்றபடியே படித்தேன். ஃப்ரிட்ஜில் அரை ட்யூப் இருந்தது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கினேன். முதல் சொட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஒன்று சோம்பல் முறிக்கிற மாதிரி வளைந்தது, பிறகு சுழன்று சுழன்று ஓடிற்று. நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு மெல்ல, "ஜெயா, இதுக்கு ஜீவன் உண்டு" என்றார்.

ஊசி நின்றது. புழு மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியே கொடுத்தாயிற்று.

இன்று காலை ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் ஜெயஷீலாவின் கண்தான் கண் என்றார். கை தட்டினார்கள். பொய் சொல்ல மாட்டேன் ரத்னா, அது எனக்குப் பிடித்திருந்தது. பதினோரு மணி டீ வரைக்கும் அதை நானே வைத்துக்கொண்டேன். பிறகு அவர் அறைக்குப் போய் உன் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். லேபிளைப் பற்றி எழுதிய இடத்தை மடிக்கவில்லை.

இரண்டு தடவை படித்தார். "அப்ப ஒட்டினது?" என்றார். "நான்தான் சார்" என்றேன்.

மூன்று மாதத்துக்கு நான் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடக் கூடாது. உன்னைத் திரும்ப வரச் சொல்லி அவரே கடிதம் அனுப்புகிறார். அன்றைக்குப் பயந்துவிட்டேன், வேறொன்றும் சொல்வதற்கில்லை. மன்னித்துவிடு.

ஜெயா

~

திருவனந்தபுரம்,
12 ஆகஸ்ட், செவ்வாய்

ரத்னா,

சரசம்மாவுக்கு இன்று குழாயை எடுத்துவிட்டார்கள்! தொண்டை தேறியதும் பால் விடாத கட்டன் சாயா கேட்டாளாம். ஆஸ்பத்திரி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, இதில் தேயிலையே இல்லை என்று முகம் சுளித்தாளாம். திரவியம் சிரித்துக்கொண்டே அழுகிறார். நுரையீரல் தண்ணீர் எது வந்தாலும் முதலில் சாயமில்லாமல் ஒரு சொட்டு பார்க்க வேண்டும் என்று டாக்டர் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் தலையைக் கண்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். திட்டியாவது எழுது.

ஜெயா

~

மார்த்தாண்டம்,
14 ஆகஸ்ட், வியாழன்

ஜெயாவுக்கு,

டாக்டர் கடிதம் வந்தது. திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கோபம் இன்னும் போகவில்லை, மீதியை நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன். என் ஜன்னலோர நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிடு.

சரசம்மாவை அனுப்புமுன் ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுக்கச் சொல்.

இன்னொன்று. வேலையை முன்பு எப்படிப் பிரித்துக்கொண்டோமோ, அப்படியே இருக்கட்டும். லேபிள் நீ ஒட்டு. நான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன்
ரத்னா